உலையும் பீரங்கியும்

1994-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை ஒரு விபரீத யோசனையைச் சொன்னது: பாதுகாப்பு என்றால் எல்லையில் நிற்கும் பீரங்கி மட்டுமல்ல, அடுப்பில் கொதிக்கும் உலையும்தான். உணவு, உடல்நலம், வருமானம், சுற்றுச்சூழல் உட்பட ஏழு வகையாகப் பிரித்தார்கள். அதுவரை சோறு வெறும் சோறாகத்தான் இருந்தது.

யோசனைக்குப் பின்னால் இருந்தவர் மஹ்பூப் உல் ஹக், பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சர். ராணுவக் கணக்கு எவ்வளவு சாப்பிடும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். உலக நாடுகள் ராணுவச் செலவை ஆண்டுக்கு 3 சதவீதம் குறைத்தால் போதும் என்றது அறிக்கை. மூன்றே மூன்று! நம்மூர் ஆடித் தள்ளுபடியில்கூட இவ்வளவு கூச்சம் கிடையாது.

மறு ஆண்டு கோபன்ஹேகனில் உலகத் தலைவர்கள் மாநாடு கூட்டினார்கள், வறுமையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், ஊர் திரும்பினார்கள். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் போட்டி போட்டு அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. ஜூலையில் ஹக் காலமானார்.

2024-இல் உலக ராணுவச் செலவு சுமார் 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். அந்த ஏழு வகையில் இது எதில் வருகிறது என்று தேடினேன். உடல்நலத்தில் இல்லை. உணவிலும் இல்லை.