வடக்கிருந்த நண்பர்

பழந்தமிழ் நூல்களில் பற்றுக் கொண்டவர்களில் பாடி மகிழ்பவர், பாடபேதம் தேடுபவர், படிக்காமலே மேடையில் புகழ்பவர் என்று பல வகையினர் முன்பே உண்டு. கைபேசியும் ட்ரைபாடும் மலிந்துவிட்ட இக்காலத்தில், ஒரு செய்யுளைக் கண்ட மாத்திரத்தில், 'இதற்கு நான் என்ன உடுத்திக்கொண்டு நிற்பது?' என்று யோசிக்கிற ரசிகர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்திருக்கிறார். என் நண்பர் அந்த வகையின் உத்தமப் பிரதிநிதி.

திருக்குறளில் அவருக்கு மதிப்பு உண்டு, பிரியம் இல்லை. உழவு அதிகாரத்துக்குக் கலப்பையைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றுவிடலாம், வாய்மைக்கு எதைச் சாத்திக்கொள்வது என்பது அவர் கட்சி. குறிஞ்சிப்பாட்டை ஆசையோடு பிரித்தவர், கபிலர் அதில் 99 பூக்களை அடுக்கியிருப்பது தெரிந்ததும், கடைத்தெருவில் கிடைத்த ஆறு வகையை வாங்கிப் பரப்பி, மற்ற 93-க்கும் மல்லிகையையே பிரதிநிதியாக நியமித்து, நடுவே தாம் வீற்றிருந்து படம் பிடித்துக்கொண்டார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் பிறக்கும் என்று சொல்லியிருப்பதால், 32 தற்படங்கள் எடுத்தே தீருவது என்று ஒரு கோடை விடுமுறையில் சங்கற்பம் செய்துகொண்டார். கைபேசியின் டைமர் தரும் அவகாசமோ பத்து விநாடி. அதைத் தட்டிவிட்டு, வேட்டி தடுக்க மொட்டைமாடியின் மறுகோடிக்கு ஓடி, கழுத்து மாலையைச் சரிசெய்து, முகத்தில் அச்சத்தையோ பெருமிதத்தையோ வரவழைப்பதற்குள் அது தன் காரியத்தை முடித்துவிடும். ஆகையால் 32 படங்களிலும் மூச்சு இரைத்தல் என்ற ஒரே மெய்ப்பாடுதான் காணப்படுகிறது. தொல்காப்பியர் சொல்லாமல் விட்ட ஒன்பதாவது அது என்று நான் சொன்னதை நண்பர் ரசிக்கவில்லை.

இந்தப் பித்துக்கு முன்னோர் இல்லாமலில்லை. கீட்ஸின் கவிதையில் உயிரையே வைத்திருந்த பாஸ்டன் பதிப்பாளர் ஃபிரெட் ஹாலந்து டே, 1898-இல் தம்மையே ஏசுநாதராகப் படம் பிடித்துக்கொள்வதற்காக, தலைமயிரும் தாடியும் வளர்த்து, பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைத்தார். இதைக் கேட்டுப் புல்லரித்த நண்பர், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்ட காட்சியை எடுப்பதென்று தீர்மானித்து, அன்று காலை இட்லியில் இரண்டைக் குறைத்துக்கொண்டார்.

ஒன்று சொல்லவேண்டும். சாமிநாதையர் 1894-இல் அச்சிட்டுக் கொடுத்த நாள் முதலாகப் புறநானூற்றைப் பதவுரையோடு படித்தவர்கள் அநேகர். ஆனால் அந்தச் சோழன் ஆற்றிடைக்குறையில் எப்படிப்பட்ட நிழலில் உட்கார்ந்திருந்தான் என்று மூன்று நாள் தூக்கமில்லாமல் கவலைப்பட்டவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இலைகளூடே பொட்டுப் பொட்டாக விழும் நிழல் என்று முடிவாயிற்று. மாடியில் மரமேது? அம்மையார் மாவுச் சல்லடையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழாவது முறையும் படம் சரியாக அமையாதபோது, "என்னங்க, உயிரை விடறதுன்னா சீக்கிரம் விடுங்க, அடுப்பில் பால் இருக்கு" என்று அவர் சொன்னதைத்தான் அக்காட்சியின் சிறந்த உரையாக நான் கருதுகிறேன்.

சோழன் அமைந்துவிட்டான், அவன் பக்கத்தில் இடம் ஒதுக்கி எதிர்பார்த்த பிசிராந்தையாருக்கு ஆள் வேண்டுமே என்று நண்பர் என்னை அணுகினார். அப்புலவருக்கு வயது சென்றும் நரைக்கவில்லை, என் தலையோ வெளுத்த பருத்தி என்றேன். பிசிராந்தையார் தாம் நரைக்காததற்கு நல்ல மனைவி மக்கள், நல்ல அரசன், ஊர்ச் சான்றோர் என்று காரணங்களை அடுக்குகிறார். நண்பர் தம் தலை நரைக்காத காரணத்தை அலமாரியிலிருந்து ஒரு பொட்டலமாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

வேறு வழியின்றி, "அரசனை ஒருமுறையும் நேரில் பாராமலே நட்புக் கொண்டவரல்லவா அவர்? வாரம் மூன்று நாள் உம்முடைய வீட்டில் காப்பி குடிக்கிற நான் எப்படிப் பொருந்துவேன்?" என்று கேட்டுவைத்தேன்.

நண்பர் கண்ணை மூடிச் சிந்தனையில் ஆழ்ந்தார்.

"வாஸ்தவம்," என்றார், "அப்படியானால் தை மாதம் வரையில் நீர் இந்தப் பக்கம் வரவேண்டாம்."