குப்பையில்லாம இருக்கோணுமா? மொதல்ல கடைக்குப் போ

குப்பையே இல்லாம குடித்தனம் பண்ணப் போறயாமா அம்மிணி? உன்ற அம்மா சொன்னா. நல்ல ரோசனை. ஆனா எதுக்கும் ஒரு மொறை இருக்குதில்ல? மொதல்ல கடைக்குப் போகோணும். வெறுங்கையை வெச்சுக்கிட்டு குப்பையைக் கொறைக்க முடியுமா? மூங்கில் பிரஷ்ஷு வாங்கு, எவர்சில்வர் ஸ்ட்ரா ஒரு கட்டு வாங்கு, அந்த ஸ்ட்ராவுக்குள்ள உட்டுக் கழுவறதுக்கு இன்னொரு குட்டிப் பிரஷ்ஷும் வாங்கு. ஒரே அளவுல கண்ணாடி ஜாடி மூணு டஜன் வாங்கு. ஜாடி வந்தொடனே அட்டாரியில இருக்கற பழைய பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் அள்ளிக் குப்பை வண்டியில போட்டுரு. அதுக நல்லாத்தான் இருக்கும், இன்னம் பத்து வருசத்துக்குப் பருப்புப் போட்டு வெக்கலாம். ஆனா போட்டோவுல எடுப்பா இருக்காது பாரு.

எளநிக்கு ஸ்ட்ரா எதுக்குன்னு நான் கேக்கல. நம்ம தோப்புல எளநியை அண்ணாந்து குடிச்சுப் பாவாடையெல்லாம் நனைச்சவதான் நீ. இப்பத்தான் உத்தியோகம் வந்துருச்சே.

அந்த மூங்கில் பிரஷ்ஷைப் பத்தி ஒண்ணு. மூங்கில் மக்கும். தலையில நட்டிருக்கற மயிரு பெரும்பாலும் நைலான். கொறடு வெச்சு அதைப் புடுங்கிப் போட்டுட்டு அப்பறம் குச்சியை மண்ணுல போடு. வேப்பங்குச்சிக்கு இந்தத் தொந்தரவு இல்ல. ஆனா அதுக்கு ஆரும் வெலை ஒட்டல, அதனால உனக்கு அது ஆகாது.

அப்பறம் துணிப்பை. உன்ற வீட்டுக் கதவைத் தொறந்தாலே முதுகுல வந்து இடிக்குது. கல்யாணத் தாம்பூலப் பை, கடைத் தெறப்புப் பை, மிஷின்ல பத்து ரூவாக் காசைப் போட்டு வாங்கின மஞ்சப்பை. நான் மஞ்சப்பையோட கோயமுத்தூருக்கு பஸ் ஏறின காலத்துல பட்டிக்காட்டான்னு சிரிச்சாங்க. 2021 கடைசியில சர்க்காரே ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு ஆரம்பிச்சு வெச்சதுக்கப்பறம் நாந்தான் நாகரிகக்காரன். போகட்டும். இங்கிலாந்துல சுற்றுச்சூழல் ஆளுக 2011ல ஒரு கணக்குப் போட்டிருக்கறாங்க. மெல்லிசுப் பிளாஸ்டிக் பையை ஒருக்காப் பொழங்கி எறியறதுக்கு ஈடாகோணும்னா, ஒரு பருத்திப் பையை 131 தடவை பொழங்கோணுமாம். பூமி சூடாகற கணக்கு மட்டுந்தான் அது. சாக்கடையில அடைக்கறதும் மாட்டு வயித்துல சேர்றதும் அதுல வராது. வாரத்துக்கொருக்கா ஒரே பையோட சந்தைக்குப் போனா ரண்டரை வருசம். இருபது பையை மாத்தி மாத்தி எடுத்தயின்னா அம்பது வருசம். நீ நல்லா இருப்பே கண்ணு, பைதான் இருக்குமான்னு பாத்துக்கோ.

கலிபோர்னியாவுல குடித்தனம் பண்ணின பியா ஜான்சன்னு ஒரு அம்மா, பிரான்சுல பொறந்தவங்க. வீட்டோட ஒரு வருசக் குப்பையை ஒரு கண்ணாடி ஜாடிக்குள்ள அடைச்சுக் காட்டுனாங்க. 2013ல புஸ்தகமும் போட்டாங்க. அவங்க வரிசையில மொதல்ல வர்றது வேண்டாம்னு சொல்றது. ரெண்டாவது கொறைச்சுக்கறது. அதுக்கப்பறந்தான் திருப்பிப் பொழங்கறது, மறுசுழற்சிக்குக் குடுக்கறது, மக்க வெக்கறது எல்லாம். உனக்கு அதுல புடிச்சது அந்த ஜாடி.

ஷாம்புப் பொட்டணம் வேண்டாம்னு, தலைக்குத் தேய்க்கற சோப்புக்கட்டியை எங்கியோ இருந்து வரவழைச்சயாமா? அட்டைப்பெட்டி, உள்ளுக்குள்ள பபுள் கவரு, அதுக்குள்ள ‘பூமியைக் காப்போம்’னு ஒரு சீட்டு. ஷாம்புப் பொட்டணமே நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பம் பெருக்கி உட்டதுதான். காசில்லாதவனும் தலைக்கு ஷாம்பு போட்டான், அதைக் கொறை சொல்ல மாட்டேன். ஆனா பல அடுக்கா ஒட்டின பொட்டணத்தைப் பிரிச்செடுக்க முடியாதுன்னு பழைய பேப்பர்க் கடைக்காரன் தொடக்கூட மாட்டான். நம்ம காட்டோரத்துல உசில மரம் நிக்குது. தழையைக் காயப் போட்டு இடிச்சா அரப்பு. வேணும்னா சொல்லு, கண்ணாடி ஜாடியில போட்டு வெலைச்சீட்டு ஒட்டித் தாறேன்.

இதெல்லாம் சில்லறை. உன்ற வீட்டுக் குப்பைக்கூடையைச் சித்தெ கவுத்துப் பாத்தேன், வஞ்சுக்காத. பாதிக்கு மேல சோறும் கொழம்பும், வாடிப் போன கொத்தமல்லியும். பிரிட்ஜுங்கறது சோத்துக்கு ஆஸ்பத்திரி ஆயிப் போச்சு: மூணு நாளு உள்ளுக்குள்ள படுக்க வெச்சு, நாலாம் நாள் பொணமா எடுக்கறே. ஐ.நா.வோட சுற்றுச்சூழல் ஆளுக 2024ல சொன்ன கணக்குல, நம்ம நாட்டுல வீட்டுல மட்டும் ஆளுக்கு வருசம் 55 கிலோ திங்கற பண்டம் வீணாப் போகுது. அது வெள்ளலூர்க் குப்பைமேட்டுக்குப் போயி, அடியில காத்துப் போகாம அழுகி மீத்தேனாக் கெளம்புது. மூங்கில் பிரஷ்ஷு அதை என்ன பண்ணும்? ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலையில ரண்டு சின்ன வெங்காயத்தோட குடிச்சுட்டு ஆபீஸ் போ. சம்பளத்துல ஒண்ணும் புடிக்க மாட்டாங்க.

மிச்சமாகற தொலிக்கு உரத்தொட்டி வாங்கிட்டே, சரி. நாத்தமடிக்குதுன்னு மாப்பிள்ளை மூக்கைப் புடிக்கறாரு. அடிக்காம என்ன பண்ணும்? காய்த்தொலியும் வடிச்ச தண்ணியுமா ஊத்தி மூடி வெச்சிருக்கறே. ஒரு கூடைத் தொலிக்கு ரண்டு கூடைச் சருகோ தேங்காநார்த் தூளோ போடோணும். புளிச்ச மோரு கொஞ்சம் தெளி. கெளறி உடு. ஒரு கை அள்ளிப் புழிஞ்சு பாரு: கையில ஈரம் படோணும், தண்ணி சொட்டக் கூடாது. சொட்டுச்சுன்னா இன்னங் கொஞ்சம் சருகு. ரண்டு மூணு மாசத்துல மண்ணு வாசம் வரும். உள்ள புழு நெளிஞ்சா கத்தாத, கூலி கேக்காத ஆளுக அவங்க.

இதைக் கேட்டுட்டு, ஊர்ல நாங்கெல்லாம் பெரிய ஞானிகன்னு நெனைச்சுக்காத. அந்தக் காலத்துல எருக்குழியைத் தவுத்து வேற குப்பை இல்லைன்னா, காசில்லைன்னு அர்த்தம். வாங்கறதுக்கே வழியில்லாதவன் எதைத் தூக்கிப் போடுவான்? காசு வந்ததும் நாங்களும் ஆரம்பிச்சுட்டோம். இன்னைக்குப் பொழுதோட கட்டுத்தரைக்குப் பின்னால வந்து பாரு, உன்ற மாமன் பிளாஸ்டிக்கைக் குமிச்சுத் தீ வெச்சுட்டு நிப்பான். கேட்டா கொசுவுக்குங்கறான்.

நெசமாவே பண்ணோணும்னா பால் கவருல ஆரம்பி. மூலையைத் துண்டா வெட்டிப் போடாத. அந்தத் துணுக்கை ஆரும் பொறுக்க மாட்டாங்க, நேராச் சாக்கடைக்குத்தான் போகும். பாதி கீறி உடு, துண்டு கவரோடயே இருக்கும். கழுவிக் காயப் போட்டு, சேத்து வெச்சுப் பழைய பேப்பர்க் கடைக்குக் குடு. பீங்கான் ஒடைஞ்சாப் பேப்பர்ல சுத்திக் குடு, வெறுங்கையில தரம் பிரிக்கற பொம்பளைக்கும் வெரல் பத்துதான். நாப்கினையும் சுத்தித் தனியாக் குடு. 2016ல வந்த குப்பை விதியே சுத்தித்தான் குடுக்கோணும்னு சொல்லுச்சு.

ஞாயித்துக்கெழமை உன்ற மாமன் சரவணம்பட்டிக்கு வாரான். அம்மாயி தூக்குப்போசி நெறையக் கச்சாயம் சுட்டுக் குடுத்தனுப்பறா. போசியைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்பாத, மொகத்தைத் தூக்கி வெச்சுக்குவா. ஒரு கை சக்கரையாச்சும் போட்டு அனுப்பு. அந்த சோப்புக்கட்டி வந்த பபுள் கவரு கெடந்தா அதையும் மறக்காம அனுப்பு. டப்பு டப்புன்னு வெடிக்கறதுல அவளுக்குக் கொள்ளை ஆசை.