தறிக்கு ஒரு கையேடு

கேள்வி: அனகாபுத்தூரில் வாழைநார்ச் சேலை நெய்கிறோம். ஒவ்வொரு வேலைக்கும் கையேடு எழுதலாம் என்கிறாள் மகள். தறி வேலை எழுத்தில் அடங்குமா?

பதில்: முழுதாக அடங்காது, ஆனாலும் எழுதுங்கள். நைஜீரியாவுக்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' நெய்து அனுப்பிய ஊர் உங்களுடையது. (பெயர்தான் கைக்குட்டை, அங்கே அது உடுத்தும் துணி.) அந்தக் கைப்பக்குவம் எத்தனை ஏட்டில் இருக்கிறது? வாழையடி வாழையாக வந்த வித்தை வாழைநாரோடு அறுந்துவிடக் கூடாது. முதலில் நார் முடிபவர் பக்கத்தில் உட்காருங்கள். காய்ந்த நார் பட்டென்று அறும். எவ்வளவு ஈரம் வேண்டும், முடிச்சு எவ்வளவு சிறிதாக இருந்தால் அச்சில் சிக்காது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பாவு, சாயம், கணக்கெல்லாம் பிறகு. எழுதியதைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுங்கள். அவள் எங்கே திருதிருவென விழிக்கிறாளோ, அங்கே இன்னும் இரண்டு வரி சேருங்கள்.