பி.ஏ.யா, பி.எஸ்ஸி.யா?

மருத்துவமும் வேண்டாம், பொறியியலும் வேண்டாம், மனோதத்துவந்தான் படிப்பேன் என்று என் தங்கையின் மகள் பிரகடனம் செய்த நாள் முதலாக, அந்த வீட்டில் சோதனைக்கு உள்ளானவை மற்றவர்களுடைய மனங்களே. "பைத்தியங்களோடா மாரடிக்கப் போகிறாள்?" என்று கேட்ட பாட்டிக்கு ஒருவாறு சமாதானம் சொல்லி முடிப்பதற்குள், ஒரே சாஸ்திரத்துக்கு ஒரு கல்லூரி பி.ஏ. என்றும் இன்னொன்று பி.எஸ்ஸி. என்றும் பட்டம் அளிக்கின்றன என்ற சமாசாரம் வந்து சேர்ந்தது; உடனே குடும்ப சபை கூடிற்று.

கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி.தான் கம்பீரம் என்பது மாப்பிள்ளையின் கட்சி, ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு பி.ஏ.தான் அனுகூலம் என்பது பெண்ணின் அத்தையுடைய கட்சி. எந்தப் பட்டதாரியும் அந்தப் பரீட்சையை எழுதலாம், மனோதத்துவமே அதில் ஒரு விருப்பப் பாடம் என்று நான் சொன்னதை, கட்சிக்காரர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாஸ்தவத்தில் இது பழைய வழக்கு. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இத்துறைக்கென்று சோதனைச்சாலை கண்ட வில்ஹெல்ம் வுண்ட், வைத்தியம் படித்துவிட்டுத் தத்துவப் பேராசிரியர் பீடத்தில் அமர்ந்தவர். 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸும் வைத்தியரே. தகப்பனாரே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கையில், பிள்ளைக்கு எந்த இனிஷியல் போடுவதென்று கல்லூரிகள் திகைப்பதில் ஆச்சரியமென்ன?

பி.எஸ்ஸி. என்றால் புள்ளியியலும் செய்முறையும் அதிகம் என்பது பொதுவான நம்பிக்கை. அதை நேரில் பார்த்துவிடலாமென்று போன கல்லூரி ஒன்றின் சோதனைச்சாலையில், பேராசிரியை மாப்பிள்ளையையே பிடித்து ஒரு மேஜை முன் உட்காரவைத்தார். இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம்; கையை மறைக்க ஒரு தட்டி; எதிரே நிலைக்கண்ணாடி. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். வங்கியில் நாள் முழுதும் கையெழுத்திட்டே பழகிய அந்தக் கை, முதல் மூலையிலேயே முன்னே போக எண்ணிப் பின்னே பாய்ந்து, கோட்டைத் தாண்டி மேஜை விரிப்பில் சஞ்சரித்தது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்துப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி கொஞ்சம் கோணல்" என்றார் மாப்பிள்ளை, வேர்வையைத் துடைத்தபடி.

"இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்வதற்கும் எங்களிடம் பாடம் உண்டு சார்" என்றார் அம்மையார்.

அது பி.ஏ. வழங்கும் கல்லூரி. பெண் அங்கேயே சேர்ந்துவிட்டாள்.

ஆகையால் இந்தச் சிக்கலில் இருக்கும் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். சாதாரண பி.ஏ. மனோதத்துவமோ பி.எஸ்ஸி. மனோதத்துவமோ பெற்ற மாத்திரத்தில் யாரும் மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டிவிட முடியாது. அதற்கு மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் வேண்டும். முதுகலையில் சேரப் பெரும்பாலான இடங்களில் இரண்டு பட்டமும் செல்லும். எழுத்தை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தை வாங்கி, புள்ளியியல் எத்தனை பருவம், செய்முறை எத்தனை பருவம் என்று பாருங்கள். சோதனைச்சாலைக்குப் போனால் தயவுசெய்து நீங்கள் உட்காராதீர்கள், பிள்ளையை உட்காரவையுங்கள்.