ஏழு பேரும் ஒரு ரவுண்டு சீலும்

நம் மாநிலத்தில் நல்லது செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டால் அது பழக்கம். ஏழாவது ஆளும் கையெழுத்துப் போட்டால்தான் அது சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 அப்படித்தான் சொல்கிறது. அதற்கு முன்னால் இருந்த 1860-ஆம் வருஷத்துச் சட்டமும் ஏழு பேரைத்தான் கேட்டது. வெள்ளைக்காரன் போனான், விக்டோரியா மகாராணி போனார், ஏழு மட்டும் போகவில்லை. ஏழு என்பது முழுமையைக் குறிக்கும் எண் என்று எங்கள் சபை ஐயர் அடிக்கடி பிரசங்கம் செய்வார். பதிவுத்துறையும் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டிருக்கும் போலிருக்கிறது.

மதுரையை ஒட்டிய பசுமலையில் ஏழு கிறிஸ்தவர்களைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. இங்கே தடுக்கி விழுந்தால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மேல்தான் விழவேண்டும். ஒரே கருத்துள்ள ஏழு பேரைப் பிடிப்பதுதான் சிரமம். நாங்கள் ஏழு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஏதாவது சாப்பிடக் கொடுத்து, வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது. அது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. சுண்டலுக்குக் காசு பெண்கள் ஐக்கியத்தின் சுருக்குப் பையிலிருந்து வந்தது. கணக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. அந்த நோட்டின் மறுபக்கத்தில் பால் கணக்கும் இருந்தது.

பிறகு எதற்குப் பதிவு என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்களுக்குத் திடீரென்று மனம் இளகிவிட்டது. உள்ளூர்க் காசு வாயைத் திறக்காது. கடல் தாண்டி வரும் காசு ரசீது கேட்கும்.

முதல் வேலை பைலா எழுதுவது. எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் முன்னாள் தலைமையாசிரியர்கள். ஒருவர் எழுதினால் மற்ற இருவரும் சிவப்பு மையில் திருத்துவார்கள். பெயர், முகவரி, உறுப்பினர் தகுதி என்று ஒற்றுப்பிழை பார்த்தபடியே வண்டி ஓடியது. கலைப்பு விதியில் வந்து நின்றுவிட்டது. சங்கம் கலைக்கப்பட்டால் அதன் சொத்துகள் யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பிறக்காத பிள்ளைக்கு உயில்! அப்போது எங்கள் சொத்து இரண்டு அலுமினிய அண்டா, ஒரு கரும்பலகை, கால் ஆடும் ஒரு பெஞ்சு. சங்கம் தொடங்குவதைப் பற்றிப் பேசியபோது கொட்டாவி விட்டவர்கள்கூட, அந்த அண்டாக்கள் எந்தச் சபைக்குப் போகவேண்டும் என்ற விவாதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில், இதே நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்குப் போகும் என்று எல்லோரும் எழுதுகிற வாசகத்தையே எழுதினோம். அண்டா தப்பித்தது.

அடுத்தது பதிவு அலுவலகம். அரசாங்கத்தில் எனக்குப் பிடித்த துறை இதுதான். நிலத்தை விற்பவன், நிலத்தை வாங்குபவன், வீட்டுக்குத் தெரியாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள், சீட்டு நடத்துபவர், கூட்டு வியாபாரம் தொடங்குபவர், ஏழைக்குச் சோறு போட நினைப்பவர் எல்லோருக்கும் ஒரே துறை. மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பாத இடத்தில் எல்லாம் பதிவுத்துறை வந்து நிற்கும். எங்களுக்கு முன்னால் நின்ற ஜோடிக்கு மூன்று சாட்சி போதுமானதாக இருந்தது. கல்யாணத்துக்கு மூன்று, சுண்டலுக்கு ஏழு. எது ஆபத்தான முயற்சி என்பதில் சட்டத்துக்குத் தனிக் கருத்து இருக்கிறது.

எழுத்தர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். காகிதத்தைப் புரட்டினார்.

“சங்கத்தோட நோக்கம் என்ன சார்?”

“பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பாடம் சொல்லிக்குடுக்குறது.”

“அது சரி சார். அப்புறம்?”

அப்புறம் ஒன்றுமில்லை என்றோம். அவர் முகத்தில் பரிதாபம் படர்ந்தது. “பின்னாடி நோக்கத்தைத் திருத்தணும்னா ரொம்பக் கஷ்டம் சார். இப்பவே எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுக்குங்க” என்றார். வாசலில் இருந்த டைப்பிங் கடையில் நோக்கங்கள் தயாராகவே இருந்தன. மரம் நடுதல், கண் சிகிச்சை முகாம், கணினிப் பயிற்சி, பேரிடர் நிவாரணம், முதியோர் நலம், நீர்நிலை பாதுகாப்பு. எங்கள் பைலாவை இன்று யாராவது வாசித்தால் ஐக்கிய நாடுகள் சபை எங்கள் கிளை என்றுதான் நினைப்பார்கள்.

படிவம் 1, படிவம் 5, படிவம் 6, படிவம் 7 கொடுக்க வேண்டும் என்றார்கள். நடுவில் உள்ள மூன்றும் எங்கே என்று ஒரு தலைமையாசிரியர் கேட்கப் போனார். கையைப் பிடித்து உட்கார வைத்தோம். கேட்டால் அதையும் கொடுத்துவிடுவார்கள். சங்கத்தின் முகவரி, பொருளாளர் அண்ணன் வீட்டுத் திண்ணை. வீட்டு வரி ரசீதோடு, வீட்டுக்காரரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் வேண்டும். ஆகவே வீட்டுக்காரராகிய அவர், பொருளாளராகிய தமக்கு, தம் திண்ணையில் தாம் உட்காருவதில் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதும் முன் தம் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். உண்மையான பதிவாளர் யார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சான்றிதழ் வந்தது. ரவுண்டு சீல் செய்தோம். இனிக் காசு வரும் என்று நினைத்தவர்களை ஆடிட்டர் உட்கார வைத்து மீதிப் படிக்கட்டுகளைக் காட்டினார். சங்கத்துக்கு பான் கார்டு. வருமான வரி விலக்குக்கு 12ஏ. கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க 80ஜி. நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் ஓர் எண். 80ஜி-யில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: சங்கம் ஒரு மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டுமானதாக இருக்கக் கூடாது, மதக் காரியச் செலவும் வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் நெற்றியில் விபூதியோடுதான் சுண்டலுக்கு வருவார்கள் என்பதால் முதல் நிபந்தனையில் சிக்கலில்லை. இரண்டாவதில் பொருளாளர் கவலைப்பட்டார். “சாப்பிடும் முன்னாடி ஜெபம் பண்றோமே, அது எத்தனை சதவீதம் வரும்?” செலவில்லாத ஜெபம் கணக்கில் வராது என்றார் ஆடிட்டர். எங்கள் ஐயரின் நீண்ட ஜெபத்தை அவர் கேட்டதில்லை. சுண்டல் ஆறிப்போவது செலவுதானே?

உண்மையான வேடிக்கை என் உடன்பிறந்தவர்களால் வந்தது. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார், இந்திய பாஸ்போர்ட். தம்பி டொரோண்டோவில் இருக்கிறான், கனடா குடிமகனாகிவிட்டான். இருவரும் ஒரே தொகை அனுப்பச் சம்மதித்தார்கள். ஆடிட்டர் தாளை இரண்டாக மடித்தார். “அண்ணன் தன் சொந்தச் சேமிப்புலேருந்து பேங்க் வழியா அனுப்பினா அது இந்தியக் காசு சார். தம்பி அனுப்பினா அயல்நாட்டுக் காசு. ஓசிஐ கார்டு இருந்தாலும் அயல்நாடுதான்.”

தம்பியிடம் போனில் சொன்னேன். “நான் ஃபாரின் சோர்ஸா? அண்ணே, நான் பைக்காராவுல பொறந்தவன்ணே!” என்று அலறினான். உண்மைதான். பிரசவம் பார்த்த அம்மாகூட இங்கேதான் இருக்கிறார். ஆனால் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பிரசவத்துக்கு என்று தனிப் பிரிவு இல்லை.

எங்கள் அம்மா ஒரு யோசனை சொன்னார்: அவன் எனக்கு அனுப்பட்டும். அதில் தப்பில்லை, வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடமிருந்து வருஷத்துக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்காமலே ஒருவர் பெறலாம் என்று 2022-இல் விதியைத் தளர்த்தியிருந்தார்கள். ஆனால் அம்மா அதைச் சங்கத்துக்குக் கொடுத்தால் மறுபடியும் அது அயல்நாட்டுப் பங்களிப்பு. “ஆச்சி, அந்தக் காசுல நீங்க சாப்பிடலாம். ஆனா சங்கத்துக்குக் குடுக்க முடியாது” என்றார் ஆடிட்டர். “அப்ப நான் நெறையச் சுண்டல் திங்கிறேன்னு எழுதிக்கோங்க தம்பி” என்றார் அம்மா. ஆடிட்டர் எழுதிக்கொள்ளவில்லை.

நாங்கள் சோர்ந்திருந்த சமயத்தில் எங்கள் ஏழு பேரில் ஒருவரான வரலாற்று ஆசிரியர் ஆறுதல் சொன்னார். பசுமலையே இப்படிப் பிறந்ததுதான் என்றார். அமெரிக்க மிஷன் சங்கம் 1810-இல் தொடங்கியது. சேலத்தில், நம் சேலம் இல்லை, அமெரிக்கச் சேலத்தில், ஒரு விதவை அதற்கு 30,000 டாலர் உயில் எழுதி வைத்தார். அந்த உயில் வழக்கில் மாட்டியது, சங்கமோ பதிவாகவில்லை. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் போனது. அங்கே ஒருவர் எழுந்து, இங்கேயே பக்தி பற்றாக்குறை, இதில் ஏற்றுமதி வேறா என்று எதிர்த்தாராம். ஏற்றுமதி செய்யச் செய்யப் பெருகுகிற சரக்கு இது ஒன்றுதான் என்று இன்னொருவர் பதில் சொன்னாராம். முதலில் தள்ளுபடி, பிறகு 1812 ஜூனில் அனுமதி. அதே ஜூனில் அவர்கள் அனுப்பிய முதல் ஆட்கள் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். இறங்கிய சூட்டோடு கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேறச் சொல்லிவிட்டது. ஒரு வாசலில் ஒருவழியாக முத்திரை விழுந்தால், அடுத்த வாசலில் கதவு சாத்தியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1816-லேயே இடம் கிடைத்தது. ஆனால் 1820-இல் அச்சுக்கூடம் நடத்த வந்த ஒரு அமெரிக்கரைக் கவர்னர் பார்ன்ஸ் திருப்பி அனுப்பினார். இருப்பவர்கள் இருக்கலாம், புதிதாக யாரும் வரக்கூடாது என்றார். அந்தத் தடை 1833 வரை நீடித்தது. அதே 1833-இல் இங்கே கம்பெனியின் அனுமதிச் சீட்டு முறையும் ஒழிந்தது. மறு வருஷமே யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி மதுரைக்கு வந்துவிட்டார்கள். திருமங்கலத்தில் இருந்த அவர்களுடைய செமினரி 1845-இல் இந்த மலையடிவாரத்துக்கு மாறியது. 1881-இல் இங்கே தொடங்கிய கல்லூரிதான் பிறகு மதுரைக்குப் போய் அமெரிக்கன் கல்லூரியானது. “அவங்களே இருபத்திரண்டு வருஷம் காத்திருந்திருக்காங்க. நீங்க இப்பத்தானய்யா பான் கார்டு வாங்கியிருக்கீங்க” என்றார்.

கடல் தாண்டி வரும் பக்திக்காசை எந்த அரசும் நிம்மதியாகப் பார்த்ததில்லை. கம்பெனிக்கும் பயம், கவர்னருக்கும் பயம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், சுதந்திர இந்தியாவும் அதற்கென்று ஒரு சட்டம் செய்தது. 2010-இல் அதைப் புதிதாக எழுதினார்கள், 2020-இல் இறுக்கினார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து இப்படி வரும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். கணக்குத் தொடங்க நாம் டெல்லிக்குப் போகத் தேவையில்லை. காசு மட்டும் போய்விட்டு வரும். டொரோண்டோவிலிருந்து பசுமலைக்கு வரும் பணம் வழியில் நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது. எங்களில் யாருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. இதில் சின்னவர் பெரியவர் பேதமும் கிடையாது. அன்னை தெரசாவின் சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று அயல்நாட்டுக் காசு வாங்குவதற்கான பதிவின் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, ஜனவரியில்தான் திரும்பக் கிடைத்தது.

எங்களைக் கவிழ்த்தது வேறொரு விதி. அந்தப் பதிவு கிடைக்க, சங்கத்துக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும்; அந்த மூன்று வருஷத்தில் சேவைக்காக மட்டும் 15 லட்ச ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னார் இவ்வளவு இன்ன வேலைக்குத் தருகிறார் என்று கடிதத்தோடு ஒவ்வொரு தடவையும் முன் அனுமதி கேட்க வேண்டும். பொருளாளர் அண்ணன் நோட்டைத் திறந்தார், பால் கணக்கைத் தாண்டி ஒரு வெற்றுப் பக்கத்தில் வகுத்தல் போட்டார். வருஷத்துக்கு ஐந்து லட்சம். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார்: “பதினஞ்சு லட்சத்தை நம்மளே பெரட்டிட்டா, அப்புறம் ஃபாரின் காசு எதுக்கு?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. உள்துறை அமைச்சகம் இவ்வளவு படிவம் போட்டு எங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தானோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அமெரிக்கக்காரர்கள் கட்டிய கட்டடங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். நல்ல காரியம் என்றாலே கண் தானாகக் கடலைப் பார்க்கும். இந்த விதி கழுத்தைப் பிடித்துப் பசுமலைப் பக்கம் திருப்பியது. தம்பியிடம், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வா, காசு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு என்று சொன்னேன். சொல்லிக்கொடுப்பதற்கு எந்தப் படிவம் என்று அவனே கேட்டான். கனடாவிலும் அலுவலகங்கள் இருக்கின்றன போலும்.

பெண்கள் ஐக்கியம் அந்த வாரமே பிடியரிசியை மறுபடியும் தொடங்கிவிட்டது. உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை கலயம் கோவிலுக்கு வரும். எங்கள் பாட்டிகள் செய்தது. பணமில்லாதவரும் கொடுக்கலாம், கொடுத்தது எவ்வளவு என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, டெல்லிக்கும் போகாது. முதல் ஞாயிறே ஒரு மூட்டை சேர்ந்தது.

வரவு வைக்க உட்கார்ந்த பொருளாளர் அண்ணன் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தார். பாதி பொன்னி. மீதி, பார்த்த உடனே எல்லோருக்கும் தெரிந்தது, ரேஷன் அரிசி. ஆடிட்டருக்குப் போன் போட்டார். “தம்பி, அரசாங்கம் ஏழைக்குக் குடுத்த அரிசியை ஏழை எங்களுக்குக் குடுத்து, நாங்க அதை ஏழைப் பிள்ளைக்குக் குடுத்தா, அது உள்நாட்டு நன்கொடையா, அரசு மானியமா, இல்ல அரிசிக் கடத்தலா?”

ஆடிட்டர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது.