இன்டர்வெல்லிலேயே கண்டுபிடித்தவர்

த்ரில்லர் படத்தில் கொலைகாரன் யார் என்பது இயக்குநருக்கு அடுத்தபடியாக அண்ணனுக்குத்தான் தெரியும். சில படங்களில் இயக்குநருக்கு முன்பே தெரிந்துவிடும். "இன்டர்வெல்லயே சொல்ட்டேன்பா" என்று அவர் ஆரம்பித்தால், வடசென்னை டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நிற்கிறவர்கள் பெருமூச்சு விட்டபடி கிளாஸை அடுத்த கைக்கு மாற்றிக்கொள்வார்கள். இனி அந்தப் படத்தை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை.

இவர் ஒரே ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். காலடிப்பேட்டையில் ஒருவர் இருக்கிறார். தண்டையார்பேட்டையில் இரண்டு பேர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஒரே படத்துக்கு ஆளுக்கொரு கொலைகாரனைச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்வது எங்கள் டீக்கடைக்கு வாய்த்தவரை. பெயர் வேண்டாம். அண்ணன் என்றாலே இந்தப் பக்கம் புரிந்துகொள்வார்கள்.

அவர் துப்பறிகிற முறையை விளக்கியாக வேண்டும். முதல் விதி, படத்தில் ரொம்ப நல்லவனாக வருகிறவன்தான் கொலைகாரன். "செடிக்குத் தண்ணி ஊத்தறான் பாத்தியா? அவன்தான்." இரண்டாவது விதி, பெரிய நடிகர் சின்ன வேஷத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். "அம்மாம் பெரிய ஆளு மூணு சீனுக்கா வருவான்? சம்பளம் வாங்கினவன் கொல பண்ணாம போவானா?" மூன்றாவது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை கிளைமாக்ஸ் வரைக்கும் நம்பக் கூடாது. நான்காவது விதியை அவர் வெளியில் சொல்வதில்லை, ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: படம் ஓட ஓட ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டே போவார். முக்கியமான பாத்திரங்கள் ஆறு என்றால் ஆறையும் சொல்லியிருப்பார். கடைசியில் எவன் மாட்டினாலும் "நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" என்று திரும்பிப் பார்ப்பார். இல்லை என்று சொல்ல முடியாது. சொல்லித்தான் இருந்தார்.

அண்ணி அவருக்கு இரண்டு சீட் தள்ளித்தான் உட்காருவார். "கொலகாரன இன்டர்வெல்ல கண்டுபுடிக்கறாரு. வூட்ல கேஸ் புக்க எட்டு மாசமா தேடறாரு" என்பது அண்ணியின் ஒரே விமர்சனம்.

1960ல் ‘சைக்கோ’ வந்தபோது ஹிட்ச்காக் ஒரு கட்டளை போட்டார். படம் தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடக் கூடாது, பார்த்துவிட்டுப் போகிறவர்கள் முடிவை வெளியே சொல்லக் கூடாது. அமெரிக்காக்காரர்கள் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டார்கள். அவர் அதே படத்தைத் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. 1967ல் திறந்து 2020ல் மூடும் வரைக்கும் அகஸ்தியாவில் எத்தனை படங்களின் முடிவுகள் முறுக்குத் தட்டோடு சேர்ந்து வாசலில் விற்றன என்பதற்குக் கணக்கில்லை. இப்போது ராயபுரம் ஐட்ரீமுக்குப் போகிறார்கள். ஏசி வந்தது, சாய்வு சீட் வந்தது, கொலைகாரன் பெயர் மட்டும் பழைய முறைப்படியே பாப்கார்ன் கியூவில் வெளியாகிறது.

அண்ணனின் தொழிலைச் சொன்னால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவர் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். டிரெய்லரில் பொட்டி வரும். பொட்டியின் நம்பரைச் சீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும், சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். நான்கு எழுத்து, ஏழு எண். அந்தக் கடைசி எண் சும்மா வருவதில்லை. முன்னால் உள்ள பத்தையும் ஒரு வாய்ப்பாட்டில் போட்டுக் கணக்கிட்டால் கிடைப்பது. நடுவில் ஒன்று தப்பாக எழுதியிருந்தால் கடைசி எண் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்பது கஸ்டம்ஸுக்கும் சரக்குக்காரனுக்கும் உள்ள விவகாரம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ ஆயிரம் பொட்டிகள் அவர் முன்னால் போயிருக்கின்றன. திறந்து பார்த்ததைக் கைவிரல் விட்டு எண்ணலாம். ஆகவே யூகிக்கிறார். "டயர் அமுங்கறத வெச்சே சொல்லுவேன், உள்ள டைல்ஸா பஞ்சான்னு." அது சரியா என்று யாரும் திறந்து காட்டியதில்லை. சினிமாவில் மட்டும்தான் இரண்டரை மணி நேரத்தில் சீலை உடைத்துக் காட்டிவிடுகிறார்கள். அதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

இந்த இடத்தில்தான் அவருக்கும் புதுசாக வருகிற ‘மெதுவாக எரியும்’ படங்களுக்கும் தகராறு.

அவருடைய அக்கா மகன் இன்ஜினியரிங் முடித்தவன். வேலை தேடுகிற நேரம் போக மற்ற நேரத்தில் உலக சினிமா பார்ப்பவன். வேலை தேடுகிற நேரம் குறைவு. ஒரு நாள் டீக்கடையில் மாமனுக்குப் பாடம் எடுத்தான்.

"படம் ஸ்லோ இல்ல மாமா. ஸ்லோ பர்ன்."

"இன்னா வித்யாசம்?"

"மெதுவா எரியும். உள்ளுக்குள்ளயே."

"எப்போ பத்திக்கும்னு சொல்லு, அப்போ வரேன். சும்மா எரியறத பாக்கணும்னா மணலி ரிஃபைனரி சிமினி இருக்குது. டிக்கெட் இல்ல, பார்க்கிங் இல்ல, ராத்திரி பூரா எரியும்."

கூட்டம் சிரித்தது. பையன் "ஃப்ரேமைப் பாக்கணும் மாமா, கதைய பாக்கக் கூடாது" என்றான். இந்தப் பையனும் ஒரு ரகம்தான், ஆனால் இவனைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை. படம் பிடிக்கவில்லை என்று சொன்னவனிடம் "உங்களுக்குப் புரியல" என்று சொல்கிறவனை நான் எந்த ஊரிலும் ரசித்ததில்லை.

அண்ணனுக்குப் பொறுமை இல்லை என்று மட்டும் எவனும் சொல்ல முடியாது. ஹார்பருக்குள் போக டிரெய்லர்கள் எண்ணூர் சாலையில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பொறுமையின் உலகத் தலைநகரம் எது என்று. டிரைவர் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்து, தின்று, தூங்கி எழுந்தாலும் முன்னால் நிற்கிற வண்டியின் நம்பர் பிளேட் மாறியிருக்காது. கேமராவை ஒரே இடத்தில் வைத்துவிட்டு இயக்குநர் சாப்பிடப் போய்விட்டது போல ஒரே ஷாட். அந்த வரிசையோடு வரிசையாக அண்ணன் எத்தனையோ ராத்திரி நின்றிருக்கிறார். "லேக்கு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதே ஆள் தியேட்டரில் கதாநாயகி ஜன்னல் வழியாக நாற்பது விநாடி வெளியே பார்த்தால் தாங்க மாட்டேன் என்கிறார்.

காரணம் ஹிட்ச்காக்கே சொன்னதுதான். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், திடீரென்று குண்டு வெடிக்கிறது என்றால் பார்ப்பவனுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு மேஜைக்குக் கீழே இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால், அதே சப்பைப் பேச்சைப் பதினைந்து நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்பான். வரிசையில் நிற்கிற அண்ணனுக்குக் குண்டு எது என்று தெரியும்: கப்பல் கிளம்புகிற நேரம். அதற்குள் பொட்டி உள்ளே போகவில்லையென்றால் முதலாளி வெடிப்பார். ஆகவே ஒவ்வொரு அடி நகர்வும் அவருக்கு த்ரில்லர். நம் சுயாதீன இயக்குநர்கள் சிலர் குண்டை வைக்க மறந்துவிட்டு மேஜையை மட்டும் அழகாக ஒளியமைத்துக் காட்டுகிறார்கள். அப்புறம் டோல்கேட்காரனுக்கு ரசனை இல்லை என்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு சினிமா மீது இன்னொரு வருத்தமும் உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ‘மெட்ராஸ்’ (2014), ‘வடசென்னை’ (2018) எல்லாம் வந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது, சண்டையும் போட்டது. ஆனால் பொதுவாகக் கேமரா ராயபுரம் பாலத்தைத் தாண்டி வந்தால் கையில் கத்தியோடுதான் வருகிறது. அந்தப் படங்களில் அண்ணனுக்கு வேலையே இருக்காது. குத்தியவன் இன்டர்வெல்லுக்கு முன்னாடியே தன் பெயரைச் சொல்லி வசனம் பேசிவிட்டுத்தான் போவான். மனசுக்குள்ளேயே குழம்புகிற ஒரு மனுஷன், ஒரு டேலி கிளார்க் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே இருக்கக்கூடும் என்ற தகவல் கோடம்பாக்கத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வரிசையில் நிற்கிறது போலிருக்கிறது.

அண்ணனை முதலில் ஏமாற்றியது ‘சிகப்பு ரோஜாக்கள்’. 1978ல் வந்த படத்தை டிவியில் பார்த்தார். கொலைகாரன் கமல்தான் என்று படமே முன்கூட்டிக் காட்டிவிட்டது. "அவனே சொல்ட்டா நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர், ஸ்ரீதேவி தப்பிப்பாளா மாட்டாளா என்று பார்க்க வாசற்படியில் நின்றபடியே மீதிப் படத்தையும் பார்த்து முடித்தார். உட்கார்ந்தால் தோற்றதாக ஆகிவிடும்.

அடுத்தது 2019 செப்டம்பரில் வந்த பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’. திரையில் ஒரே ஒரு ஆள். மற்றவர்களெல்லாம் குரல் மட்டும். போலீஸ் விசாரணை அறையில் உட்கார்ந்து ஒரே மனிதன் படம் முழுக்கப் பேசுகிறான். தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்பு விருதும், ஒலிக்காக ரசூல் பூக்குட்டிக்கு விருதும் கிடைத்த படம். அண்ணன் முதல் ரீலிலேயே நெளிய ஆரம்பித்துவிட்டார். ஆறு பேரில் ஒருவனைக் கண்டுபிடிக்கலாம், ஒருவனில் ஒருவனை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டர்வெல்லில் பாப்கார்ன் கியூவில் வழக்கமான கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. "இதுல சஸ்பென்ஸே இல்லபா. வேற ஆளு வெக்க துட்டு இல்ல போல" என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரி கடையில் பார்த்திபன் பேசியது போலவே முகத்தைத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று பேர் குரலில் பேசிக் காட்டினார். டீ ஆறிவிட்டது, எங்களுக்கும்தான். படம் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல, படத்தை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

நான் ஒரு நாள் ‘அந்த நாள்’ பற்றி எடுத்துவிட்டேன். 1954ல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு ஒன்று கூடக் கிடையாது. சிவாஜிதான் கதாநாயகன், முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்துவிழுகிறார். வந்தபோது சரியாக ஓடவில்லை. இன்றைக்கு தமிழில் த்ரில்லர் என்றால் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். அண்ணன் அசையவில்லை. 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் விமானம் சென்னையில் குண்டு போட்டதிலிருந்துதான் கதையே தொடங்குகிறது என்றேன்.

"எங்க போட்டான்?"

"ஹார்பர் பக்கம்."

"நம்ம ஹார்பர்லயா!"

அன்றே போனில் பார்த்தார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நாட்டியக்காரி என்று சந்தேகத்துக்கு ஆள் போதுமான அளவுக்கு இருந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோரையும் சொல்லிவிட்டு, "அப்பவே சொன்னேன்" என்றார். நிம்மதியாகத் தூங்கியிருப்பார். யார் சுட்டது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுபது வருஷம் ஆனாலும் மரியாதை மரியாதைதான். தேவைப்பட்டால் கடைக்கு வாருங்கள், அவர் சொல்வார்.

கடைசி அடி அக்கா மகன் கொடுத்தது. கொரியப் படம், ‘பர்னிங்’, 2018, இயக்கம் லீ சாங்-டாங். ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒரு பெண் காணாமல் போகிறாள். பணக்காரன் ஒருவன் மேல் சந்தேகம். அவன் சிரிக்கிறான், கொட்டாவி விடுகிறான். அவன்தான் ஏதாவது செய்தானா, இல்லை அவளே எங்காவது போய்விட்டாளா, படம் சொல்வதே இல்லை. பையன் இதை முன்னாடியே சொல்லவில்லை. அது பழிவாங்கல் என்றே நான் நினைக்கிறேன்.

அண்ணன் முதலில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். படம் முடிந்தது. கண்டுபிடிக்கவில்லை. வேகத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்று சாதாரண வேகத்தில் மறுபடி பார்த்தார். மறுநாள் கடைக்கு வந்தவர் டீயைக் கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"ஒரு கெணறு வருது தம்பி. சின்ன வயசுல அந்தப் பொண்ணு உள்ள வுழுந்துச்சாம். அந்த வூட்டு ஜனம் கெணறே இல்லன்றாங்கோ. இவங்கம்மா இருந்துச்சுன்றா. யார நம்பறது?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"பூனை இருக்குது பாரு, அங்கதான் மேட்டரு. மொதல்ல அந்தப் பொண்ணு வூட்ல ஒரு பூனைக்கு சோறு வெக்கறான், பூனைய காட்டவே மாட்டான். அப்பால பணக்காரன் வூட்ல ஒரு பூன. பேரு சொல்லி கூப்ட்டா வருது. ஆனா பூனைன்னா யாரு கூப்ட்டாலும் வரும்ல? எங்க வூட்டுது மீன்காரம்மா கூப்ட்டா போவுது."

படத்தில் டிராயருக்குள் இருந்த கைக்கடிகாரத்துக்கு ஒரு நாள் போனது. கொட்டாவிக்கு ஒரு நாள். யார்டிலிருந்து போன் வந்தால் "நம்பர் வாட்ஸப்ல போடு" என்று துண்டித்தார். கூட நிற்கிற டிரைவர்கள் படம் பார்க்காமலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு டிரைவர், கிணறு இருந்தது என்ற கட்சிக்குத் தலைவரானார். கடைக்காரர் பாய் இரண்டு தரப்புக்கும் டீ போட்டார், நடுநிலை.

"படம் எப்படி இருந்துச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"செம லேக்கு. மூணு தடவ பாத்தேன், மூணு தடவயும் லேக்கு."

"கொலகாரன் யாரு?"

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். எனக்குத் தெரிந்து அதுவரை அவர் செய்யாத ஒன்றைச் செய்தார். "எனக்குத் தெரியும். சொன்னா உனக்கு இன்ட்ரஸ்ட் போய்டும். நீயே பாத்துக்கோ" என்றார்.

"தெரியலன்னு சொல்லுங்க மாமா" என்றான் பையன், பின்னாலிருந்து.

"டேய், உனக்கு இன்னிக்கி இன்டர்வியூன்னு உங்கம்மா சொன்னாளே, போவல?"

அவன் போய்விட்டான். அண்ணன் பாயிடம் திரும்பி, "அந்தக் கெணறு இருந்த எடத்த ஒருவாட்டி சரியா காட்டியிருந்தான்னா முட்ச்சிருப்பேன் பாய்" என்றார்.