சரமாரிக் கேள்விகள்

கேள்வி: ஒரே நீள மாலையைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டுக்கொண்டால் போதாதா? மூன்று சரமாகத் தனித்தனியே கோத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்?

பதில்: சுற்றிப் போட்ட மாலையில் ஒவ்வொரு சுற்றும் தன் விருப்பம்போல் இறங்கி, அடுத்த சுற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். பல சர மாலையிலோ ஒவ்வொரு சரத்துக்கும் உரிய இடம் கோக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தைக் காப்பவை இரண்டு உறுப்புகள். சரங்களின் முனைகளை ஒருபுறம் தனித்தனித் துளைகளில் வாங்கி, மறுபுறம் ஒரே கொக்கியில் கொண்டுசேர்க்கும் முனைத்தகடு ஒன்று. சரங்களுக்குக் குறுக்கே நின்று, அவை பின்னிக்கொள்ளாமல் விலக்கிவைக்கும் பல துளைப் பட்டை மற்றொன்று. இந்தப் பட்டைக்குக் கடைவழக்கில் ‘ஸ்பேசர்’ என்று பெயர். மணிகளைப் பொறுக்குவதற்கு ஒரு நாள் முழுவதும் செலவிட்டுவிட்டு, இவ்விரண்டையும் கடைசி நிமிடத்தில் கையில் கிடைத்ததாக வாங்குவதால்தான் பல மாலைகள் அணியப்படாமல் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

கேள்வி: ஸ்பேசர் என்பது இக்கால ஃபேஷன் கடைக்காரர்கள் கண்டுபிடித்து நம் தலையில் கட்டியதுதானே?

பதில்: அவர்கள்மீது அந்தப் பழியைச் சுமத்த நான்காயிரம் ஆண்டுகள் தாமதமாகிவிட்டது. மொகஞ்சதாரோவில் புதையலாகக் கிடைத்த ஓர் அணியில் நீண்ட சூதுபவள மணிகள் 42, உருண்டையான வெண்கல மணிகள் 72, வெண்கலப் பட்டைகள் 6, பிறைவடிவ முனைத்தகடுகள் 2 உள்ளன. சூதுபவளம் என்பது கடலில் விளையும் பவளம் அன்று, செந்நிறக் கல்வகை. இந்த எண்களைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே கைவினைஞரின் திட்டம் கண்முன் விரிந்துவிடும். அணி ஆறு சரங்கள் கொண்டது. சரத்துக்கு ஏழு நீள மணிகள் வீதம் 42. ஏழு மணிகளுக்கு இடையே ஆறு இடைவெளிகள், ஒவ்வோர் இடைவெளியிலும் ஆறு சரங்களையும் குறுக்கே தாங்கும் ஒரு பட்டை. பட்டையின் இருமருங்கிலும் சரத்துக்கு ஒன்றாக உருண்டை மணிகள், ஆகவே சரத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 72. ஒரு மணிகூட மிகவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. இன்று மாலை கோக்க உட்காருபவர் முதலில் எடுக்க வேண்டியது ஊசியை அன்று, தாளையும் பென்சிலையும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

அந்த நீள மணிகளின் விலை எதில் இருந்தது என்பதும் அறியத்தக்கது. பழங்காலத் துளைப்பு முறையைச் செய்துபார்த்த தொல்லியலாளர்கள், மிகக் கடினமான கல்முனைத் துரப்பணம் கொண்டு சூதுபவளத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் ஆழமே துளைக்க முடிந்ததைக் கண்டார்கள். அந்தக் கணக்கில், 10 செ.மீ. நீளமுள்ள ஒரே மணிக்கு 40 மணி நேரம் துளையிட வேண்டும்.

கேள்வி: மூன்று சரத்தையும் ஒரே நீளத்தில் அளந்து கோத்தும், அணிந்தவுடன் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வடக்கயிறு போலாகிவிடுகின்றனவே, ஏன்?

பதில்: ஒரே நீளம் என்பதே அதற்குக் காரணம். மார்பின்மேல் படியும் மாலை ஏறக்குறைய அரைவட்டம். ஒன்றுக்கு வெளியே ஒன்றாக அமையும் அரைவட்டங்கள் ஒரே நீளமாக இருக்க முடியாது. முனைத்தகட்டின் துளைகள் 8 மி.மீ. இடைவெளியில் இருந்தால், அடுத்த சரத்தின் ஆரம் 8 மி.மீ. கூடும், அரைவட்டத்தின் நீளம் ஆரத்தைப்போல் 3.14 மடங்கு ஆதலால், அந்தச் சரம் 2.5 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். உள்சரம் 40 செ.மீ. என்றால் நடுச்சரம் 42.5, வெளிச்சரம் 45. முறுக்கி அணியும் மாலைக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதில் சரங்கள் சமநீளமாகவும், முறுக்கு விழுங்கும் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: மணிக்கட்டை நாடாவால் அளந்து அதே அளவில் கோத்த கைச்சரம் மணிக்கட்டைச் சுற்றவே மறுக்கிறது. பொய் சொன்னது நாடாவா, மணிகளா?

பதில்: இரண்டும் உண்மையே சொல்லின, நூல் ஓடும் பாதையைத்தான் எவரும் கேட்கவில்லை. நாடா தோலின்மேல் ஓடுகிறது, நூலோ மணியின் நடுத்துளை வழியே, தோலிலிருந்து அரை மணி தள்ளி ஓடுகிறது. ஆகவே மணிக்கட்டின் அளவோடு மணியின் விட்டத்தைப்போல் 3.14 மடங்கைக் கூட்ட வேண்டும். 16 செ.மீ. மணிக்கட்டுக்கு 10 மி.மீ. மணிகளால் கோக்கும் சரம் 19.1 செ.மீ., 4 மி.மீ. மணிகளால் கோக்கும் சரம் 17.3 செ.மீ. இருக்க வேண்டும். பருமணிச் சரமும் பொடிமணிச் சரமும் அருகருகே அமையும் கைச்சரத்தில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், ஒன்று கையைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றொன்று தொங்கிக்கொண்டிருக்கும். தளர்வுக்கென விடும் ஒரு செ.மீ. இதற்குப் புறம்பானது.

கேள்வி: முத்து, பவளம், கண்ணாடி, கல் எல்லாவற்றையும் ஒரே சரத்தில் கலக்கலாமா? அல்லது ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டுமா?

பதில்: பார்க்க வேண்டிய பொருத்தம் ஒன்று உண்டு, அது கடினத்தன்மை. எந்தப் பொருள் எதைக் கீறும் என்பதை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் முத்து 3-ஐ ஒட்டியும், பவளம் 3-க்கும் 4-க்கும் இடையிலும், கண்ணாடி 5.5-ஐ ஒட்டியும், சூதுபவளம் 7-க்கு அருகிலும் நிற்கின்றன. முத்தை நேரடியாகச் சூதுபவளத்தின் பக்கத்தில் கோத்தால், அசையும்போதெல்லாம் கல் முத்தின் மேனியைத் தேய்த்துப் பளபளப்பைப் போக்கிவிடும். இதற்கு மருந்து, முத்தின் இருபுறமும் பட்டுநூலில் முடிச்சுப் போடுவதே. முடிச்சு உராய்வைத் தடுப்பதோடு, நூல் அறுந்தால் எல்லா மணிகளும் சிதறி ஓடாமலும் காக்கிறது. முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை, வியர்வையின் புளிப்பைத் தாங்காதவை. அவற்றைக் கழற்றியவுடன் மெல்லிய துணியால் துடைத்துவைப்பது நல்லது.

கலப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பழங்காலத்திலேயே சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல் என்று பல கற்களை ஒரே ஊரில் மணியாக்கியிருக்கிறார்கள். ஆனால் கலவைக்கு ஒரு பொது இழை வேண்டும். மூன்று சரங்களிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரே வகைச் சிறுமணி ஒன்றைத் தேர்ந்துகொண்டால், மற்ற மணிகள் எத்தனை நிறமாக இருந்தாலும் ஒரே குடும்பத்தவையாகத் தோன்றும். கோப்பதற்கு முன் மணிகளை மடித்த துவாலையின் மடிப்புகளில் வரிசையாக அடுக்கி, சற்று எட்டி நின்று பார்ப்பது அவசியம். கைக்கெட்டும் தூரத்தில் அழகாகத் தெரிந்த வரிசை, எதிரில் நிற்பவர் கண்ணுக்குச் சேறாகக் கலங்கித் தெரிவதுண்டு.

கேள்வி: கண்ணாடி மணிதானே, கனமா இருக்கப்போகிறது?

பதில்: 10 மி.மீ. கண்ணாடி மணி ஒன்று ஏறக்குறைய 1.3 கிராம். 40 முதல் 45 செ.மீ. வரை நீளமுள்ள மூன்று சரங்களுக்கு ஏறத்தாழ 130 மணிகள் வேண்டும். மொத்தம் 170 கிராம், அதாவது இருபத்தொரு பவுன் எடை. பிடரியில் படியும் பகுதிக்கு 4 மி.மீ. மணிகளையோ மர மணிகளையோ கோப்பதால் கழுத்து பிழைக்கும், முன்னழகும் குறையாது.

கேள்வி: அதிகபட்சம் எத்தனை சரம் போகலாம்? ஐந்துக்கு மேல் போனால் ஊர் சிரிக்குமா?

பதில்: ஊர் சிரித்ததாகத் தெரியவில்லை, பெயர் வைத்திருக்கிறது. இடையில் அணியும் கோவைகளைச் சரங்களின் எண்ணிக்கையால் பிரித்து, ஏழு கோவை மேகலை, எட்டுக் கோவை காஞ்சி, பதினாறு கலாபம், பதினெட்டுப் பருமம், முப்பத்திரண்டு விரிசிகை என்று பழைய உரைமரபு வகுத்துச் சொல்கிறது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி அணிவது முப்பத்திரண்டு வடம் கொண்ட முத்தணி; சரத்தை அங்கே ‘காழ்’ என்னும் அழகிய சொல் குறிக்கிறது. கழுத்துக்கு ஏழு சரம் என்பது தாராளம்; அதற்குமேல் தோள் தாங்கினாலும் கொக்கி தாங்குவதில்லை.

கேள்வி: கைச்சரத்தை எலாஸ்டிக் நூலில் கோக்கலாமா?

பதில்: மணிகள் இலேசாக இருந்தால் கோக்கலாம். கோப்பதற்கு முன் நூலை நன்றாக இழுத்துத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மணிகளுக்கு நடுவே நூல் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: விலையுயர்ந்த நூல், உறுதியான முடிச்சு, இருந்தும் மாலை அறுந்துவிடுகிறது. இது யாருடைய கண்ணேறு?

பதில்: பெரும்பாலும் துளையின் விளிம்புதான் குற்றவாளி. வெட்டிய கண்ணாடிக் குழலின் வாய் கத்தி போன்றது; ஒவ்வோர் அசைவிலும் நூலைச் சிறிது சிறிதாக அறுக்கும். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில், உருகிய கண்ணாடியை உட்குழலாக இழுத்துத் துண்டு துண்டாக வெட்டிய பிறகு, அத்துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. சூட்டில் விளிம்பு மழுங்கி உருண்டையாகும். துளைக்குள் புகுந்த சாம்பல் துளை அடைபடாமல் காக்கும். அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கண்ணாடி மணிகளிலும் பெரும்பாலானவை இவ்வாறு குழலிழுத்துச் செய்தவையே. வாங்கிய மணியின் வாயில் மெல்லிய நூலை நாலைந்து முறை இழுத்துப் பார்த்தால் போதும். பிசிர் எழுந்தால், நுண்ணரத்தால் தேய்க்கவோ ‘கியர் ஒயர்’ எனப்படும் பூச்சிட்ட மெல்லிய எஃகு முறுக்குக் கம்பிக்கு மாறவோ வேண்டும்.

கேள்வி: பாட்டியின் மூன்று சர மாலை அறுந்து, தேடிப் பொறுக்கியதில் பதினொரு மணிகள் குறைகின்றன. அதே மணி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: பொருந்தாத புது மணிகளை முன்புறத்தில் ஒளித்துவைக்க முயல்வது வீண், கண் முதலில் அங்கேதான் போகும். மூன்று சரங்களின் பின்முனைகளிலிருந்தும் பழைய மணிகளைச் சமமாக எடுத்து முன்புறத்துக் குறையை நிரப்பிவிட்டு, காலியான பின்முனைகளில் இருபுறமும் ஒரே எண்ணிக்கையில், அதே நிறத்தில் ஒரு படி சிறிய மணிகளைக் கோத்தால், அவை கூந்தலுக்கடியில் மறைந்துவிடும். அவிழ்க்குமுன் ஒரு புகைப்படமும், ஒவ்வொரு சரத்தின் நீளமும் மணி எண்ணிக்கையும் எழுதிய ஒரு தாளும் கையில் இருக்க வேண்டும். பழைய நூலையும் தூக்கி எறியாமல் அந்தத் தாளோடு சேர்த்து வைப்பது நல்லது, முடிச்சுக்கு முடிச்சு பாட்டி விட்ட இடைவெளியை அதைக் கொண்டே அளந்துகொள்ளலாம்.